முதல் ஜூடோ போட்டி: 73-க்கு இறங்கவா, 81-லேயே நிக்கவா?

சயான்_செந்தில்:
வணக்கம். மும்பை சயான் கோலிவாடாவுல இருக்கேன், ஐரோலியில ஐடி வேலை. ஒரு வருஷமா ஜூடோ பழகுறேன். அடுத்த மாசம் உள்ளூர் போட்டிக்குப் பேர் கொடுத்திருக்கேன். எடை 76 கிலோ, அதனால 81 கிலோ பிரிவு. "81-ல போனா நசுக்கிடுவானுங்க, 73-க்கு இறங்கிடு"ன்னு கூடப் பழகுற பசங்க பயமுறுத்துறாங்க. இறங்கவா? இன்னொண்ணு, ராண்டோரி (பயிற்சி ஆட்டம்) ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே முன்னங்கை கல்லாட்டம் இறுகிடுது. நாலு நிமிஷம் எப்படித் தாங்கும்?

முலுண்ட்_பாபு:
ஒரு வாரம் சோறு, சப்பாத்தி கட். கடைசி நாள் தண்ணி குடிக்காம ஸ்வெட்டர் போட்டு ஓடுங்க. மூணு கிலோ எல்லாம் ஜுஜுபி ப்ரோ.

தாராவி_மலர்:
பாபு தம்பி, இந்தப் புழுக்கத்துல ஸ்வெட்டரா? அவரு மெத்தைக்குப் போகமாட்டார், நேரா ஆஸ்பத்திரிதான்.

செந்தில், 81-லேயே ஆடுங்க. நான் 52 கிலோவுல ஆடினவ, இப்போ இங்க புள்ளைங்களுக்குச் சொல்லித் தர்றேன். சர்வதேசப் போட்டியில முந்தின நாளே எடை பார்த்துடுவாங்க, ராத்திரி சாப்பிட்டுத் தேறிக்கலாம். நம்ம உள்ளூர்ல பெரும்பாலும் காலையில எடை, உடனே ஆட்டம். காஞ்சு போய் ஏறினா 73-ல இருக்கிற சின்னப் பையனே உங்களைப் புரட்டிடுவான்.

எடையை விடுங்க, உங்க கோளாறு பிடியில இருக்கு. அஞ்சு விரலையும் இறுக்குறீங்க. சுண்டு விரல், மோதிர விரல், நடு விரல், இந்த மூணும் பிடிக்கட்டும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சும்மா ஒட்டிக்கிட்டு இருந்தாப் போதும். உச்சிகோமியிலேயே (எறியாம அதே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யற பயிற்சி) இப்படிப் பழகுங்க, போட்டியன்னிக்கு யோசிச்சா வராது. பயத்துல ரெண்டு கையையும் விறைப்பா நீட்டி ஆளைத் தள்ளியே வைக்காதீங்க. கையும் செத்துப்போகும், தற்காத்துக்கிட்டே நிக்கிறீங்கன்னு ஷிடோவும் (தண்டனை) விழும். மூணு ஷிடோ விழுந்தா ஆட்டம் காலி.

கபடி, குஸ்தி பழக்கம் உண்டா? இருந்தா கை தானா எதிராளி காலைப் பிடிக்கப் போகும். முந்தி அதுக்கு அனுமதி இருந்துச்சு. 2010-லேர்ந்து கட்டுப்பாடு, 2013-ல முழுத் தடை. எங்க தாராவிப் பசங்க முதல் ஷிடோ வாங்குறதே இதுலதான், எத்தனை தடவை கத்தினாலும்.

எறியறது வரலைன்னா கவலை வேணாம், தரையில அமுக்குறதை நம்புங்க. மல்லாக்கப் போட்டு 20 செகண்ட் பிடிச்சா இப்போன், அதாவது அங்கேயே முழு வெற்றி. 10 தாண்டினா வாசா-அரி, அதாவது பாதி வெற்றி. 1964-ல டோக்கியோவுலதான் ஜூடோ முதல்முதலா ஒலிம்பிக்ஸ்ல வந்துச்சு. ஓபன் பிரிவு பைனல்ல ஹாலந்துக்காரர் ஆன்டன் கீசிங்க் ஜப்பானோட காமினாகாவை எப்படி ஜெயிச்சார்? கெசா-கதாமேங்கிற தரைப் பிடி போட்டு அமுக்கித்தான். ஜப்பான்காரன் ஊர்லயே! உங்களுக்கு ஒசோதோ-காரி மாதிரி எறி வருதோ இல்லையோ, இந்தப் பிடி ஒரு வருஷத்துல வந்திருக்கும்.

அப்புறம் ஜூடோகி, நம்ம ஜூடோ உடுப்பு. ஞாயித்துக்கிழமை போட்டின்னா வியாழக்கிழமையே துவைங்க. இந்த மழையில அந்தக் கனத்த துணி பேனுக்குக் கீழயும் லேசுல காயாது. ஈரமா, நாத்தத்தோட வந்தா நடுவர் மாத்திட்டு வரச் சொல்லலாம். ஈரத்தோட போட்டா படர்தாமரை வேற, கூட ஆடுறவனுக்கும் ஒட்டும். கால் நகமும் வெட்டிடுங்க.

சயான்_செந்தில்:
நன்றி அக்கா. ஊர்ல கபடிதான் ஆடினேன், எப்படிக் கண்டுபிடிச்சீங்க! 81-லேயே போறேன். வாசா-அரிக்குக் கீழ இருக்கிற யூகோ புள்ளி இருக்கா, இல்லையா? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

தாராவி_மலர்:
ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். 2017-ல எடுத்தாங்க, 2025-ல திரும்ப வந்துடுச்சு. புது விதியில அஞ்சு செகண்ட் அமுக்கினாலே யூகோ. உங்க போட்டி எந்த விதியில நடக்குதுன்னு எடை பார்க்கிறப்பவே நடுவர்கிட்ட கேட்டுடுங்க.

முலுண்ட்_பாபு:
ஸ்வெட்டர் விஷயம் வாபஸ். 81-ல நானும் பேர் கொடுத்திருக்கேன், மெத்தையில பார்ப்போம் ப்ரோ.