கைக்குழந்தை வந்தபோது உங்கள் வீட்டு நாய் என்ன செய்தது?

பொள்ளாச்சி அம்மா:

நாய்க்குக் குழந்தையைப் பழக்குவது பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். தூளியைப் பற்றி மட்டும் யாரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது சிப்பிப்பாறை வேட்டை நாய், ஆண், பெயர் வீரா. அம்மா வீட்டில் பிரசவம் முடிந்து ஐந்தாம் மாதம்தான் இங்கே வந்தேன். அதற்குள் செய்ய வேண்டியதெல்லாம் செய்தாயிற்று. குழந்தையைப் பார்க்க வரும்போதெல்லாம் என் கணவர் ஒரு துண்டுத்துணியோ போட்ட சட்டையோ எடுத்துப்போய் வீராவை முகரவிட்டார். வீடு திரும்பிய அன்று நான் வெறுங்கையோடு முதலில் உள்ளே போய் அவனைத் தடவிக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் அம்மா பாப்பாவைத் தூக்கி வந்தார். அவன் அம்மாவின் சேலையை முகர்ந்தான், ஒரு தும்மல், போய்ப் படுத்துக்கொண்டான். சரி, பிரச்சினை இல்லை என்றிருந்தோம்.

சாயங்காலம் கூடத்தில் தூளி கட்டினோம். பாப்பா உள்ளே உதைத்துக்கொண்டு முனகினாள், சேலை குலுங்கியது. வீரா எழுந்து நின்றான். ஒரு முன்னங்கால் தரையில் படாமல் மடங்கியிருந்தது. கழுத்து நீண்டிருந்தது, வால் அசையவே இல்லை. சத்தமும் இல்லை. சோளக்காட்டில் முயலைக் கண்டால் நிற்பானே, அதே நிலை. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், காதுகூடத் திரும்பவில்லை. பட்டையைப் பிடித்து வெளியே கூட்டிப்போன பிறகுதான் வாலை ஆட்டினான்.

உறுமியிருந்தால், பல்லைக் காட்டியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். கோபமே இல்லாத அந்த முகத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

இப்போது தூளி உள்ளறையில், கதவு சாத்தியபடி. கூடத்தில் மரத்தொட்டில். கன்னி, சிப்பிப்பாறை மாதிரி வேட்டை நாய் வளர்ப்பவர்கள் யாராவது இதைப் பார்த்திருக்கிறீர்களா?

அண்ணாநகர் மாடிவீடு:

அக்கா, படிக்கவே படபடப்பாக இருக்கிறது. ஆனால் எல்லா நாயும் அப்படி இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.

எங்களுடையது லேப்ரடார், ரோஸி. ராத்திரி பால் கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு அசந்து தூங்கிவிட்டேன். கையில் ஈரமாக மூக்கு வந்து முட்டியது. தள்ளிவிட்டேன். மறுபடி முட்டியது, இந்த முறை முனகலோடு. எழுந்து பார்த்தால் குழந்தை பால் கக்கி, மூக்கில் ஏறி, அழக்கூட முடியாமல் திணறிக்கொண்டிருந்தான். தூக்கித் தோளில் சாய்த்து முதுகைத் தட்டிய பிறகுதான் அழுகையே வந்தது. அதுவரை ரோஸி எனக்கும் தொட்டிலுக்கும் நடுவே ஓடிக்கொண்டே இருந்தாள்.

நாய்க்கும் தாய்மனசு உண்டு. அன்றிலிருந்து அவள் தொட்டில் பக்கத்தில்தான் படுக்கிறாள். நான் குளிக்கப் போனாலும் கவலை இல்லை. கர்ப்பமாக இருக்கிறவர்கள் இதையெல்லாம் படித்துவிட்டு நாயைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடப் போகிறார்கள், அதுதான் என் பயம்.

சிவகாசிக்காரன்:

அண்ணாநகர் தங்கச்சி, ரோஸி நல்ல நாய், சந்தேகமே இல்லை. ஆனால் பொள்ளாச்சி அம்மா யாரையும் பயமுறுத்தவில்லை, கண்ணால் பார்த்ததைத்தான் சொன்னார். எங்கள் தாத்தா கன்னி வளர்த்தார். முற்றத்தில் சுற்றும் கோழிக்குஞ்சுகளை அது ஏறிட்டும் பார்க்காது. அதே குஞ்சுகளைப் பஞ்சாரம் போட்டு மூடி, உள்ளிருந்து அவை கீச்சென்று கத்தினால் காலை மடக்கிக்கொண்டு நின்றுவிடும். பார்க்கும்போது இது குஞ்சு என்று தெரிகிறது. மூடிய ஒன்றுக்குள் ஏதோ அசைந்து கத்தும்போது அந்த இனத்துக்கு வேட்டைதான் ஞாபகம் வருகிறது. தூளியும் அப்படித்தான். துணியை முகரவிட்டதும் வாசலில் நடந்த அறிமுகமும் வீண் இல்லை. ஆனால் அவன் அறிமுகமானது மடியிலிருக்கும் குழந்தையோடு, தூளிக்குள் இருப்பதோடு அல்ல.

தங்கச்சி, குளிக்கப் போகும்போது ரோஸியைத் தொட்டில் பக்கத்தில் விட்டுப் போகாதீர்கள். அவள் கெட்டவள் என்பதற்காகச் சொல்லவில்லை. குழந்தை அழுதால் முப்பது கிலோ நாய் எட்டிப் பார்க்கத் தொட்டில்மேல் காலைத் தூக்கி வைக்கும், அது போதும். எவ்வளவு நல்ல நாயானாலும் பெரியவர் ஒருவர் கூட இல்லாமல் கைக்குழந்தையோடு தனியே விடக்கூடாது.

பேறுகாலத்துக்கு நாள் இருப்பவர்களுக்கு இன்னும் கொஞ்சம். கட்டிலில் படுத்துப் பழகிய நாயை நாலாம் ஐந்தாம் மாதத்திலேயே கீழே மாற்றிவிடுங்கள். குழந்தை வந்த அன்று மாற்றினால் யார் வந்ததால் இடம் போயிற்று என்று அது முடிச்சுப் போட்டுக்கொள்ளும். நடைக்குக் கூட்டிப்போகும் நேரம், சோறு வைக்கும் ஆள் எல்லாவற்றையும் அப்போதே மாற்றுங்கள். குழந்தை அழும் சத்தத்தைப் போனில் மெதுவாக ஓடவிட்டு, கேட்கும்போதெல்லாம் வாய்க்கு ருசியாக ஏதாவது கொடுங்கள். நாள் போகப் போகச் சத்தத்தைக் கூட்டலாம்.

பூச்சி மருந்து ரொம்ப முக்கியம். பெரிய நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, குட்டியானால் டாக்டர் சொல்லும்படி இன்னும் அடிக்கடி. நாய் வயிற்று வட்டப்புழுவின் முட்டை மலத்தோடு வெளியே வந்து, மண்ணில் இரண்டு மூன்று வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் பக்குவத்துக்கு வரும். அதனால் மலத்தை அன்றன்றே அள்ளிவிட்டால் பாதி வேலை முடிந்தது. மண்ணை எடுத்து வாயில் போடுகிற வயது வரும் முன்பே இந்தப் பழக்கம் வேண்டும். உண்ணி மருந்தைக் கழுத்தில் விட்டால் நன்றாகக் காயும்வரை குழந்தையைத் தொடவிடாதீர்கள்.

வெறிநோய் ஊசி வருடம் தவறக்கூடாது. ஊசி போட்ட நாய்தானே என்று நகக்கீறலை அலட்சியம் செய்யவும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அரசு மருத்துவமனையில் தோலில் போடும் ஊசிக்கு 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு, முதல் ஊசி போடும் நாள்தான் 0. ரத்தம் வந்த காயமானால் ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தும் வேண்டும். புண்ணில் நக்கினாலும், குழந்தையின் வாயில் நக்கினாலும் ரத்தம் வந்த காயத்தின் கணக்குதான், மறந்துவிடாதீர்கள்.

விருதுநகர் வெள்ளையன் வீடு:

அண்ணா, அழுகைச் சத்தத்தைப் போட்டுப் பழக்கச் சொல்கிறீர்கள். எங்கள் ராஜபாளையம் நாய்க்குக் காதே கேட்காது. வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு சகஜம் என்று குட்டியாக வாங்கியபோதே சொன்னார்கள், அப்படியே ஆயிற்று. குழந்தை கத்தித் தீர்த்தாலும் வெள்ளையன் குறட்டை விடுவான். முதல் மாதங்களில் இதைவிட நிம்மதியான நாய் ஊரிலேயே இல்லை என்றுதான் நினைத்தோம்.

தவழ ஆரம்பித்த பிறகு ஒரு மதியம். திண்ணையோரம் சுருண்டு தூங்குகிறவனை நோக்கி பையன் போகிறான். நாலடி தள்ளி நான் முறத்தில் அரிசியோடு உட்கார்ந்திருக்கிறேன். “வெள்ளையா” என்று கத்திப் பயனில்லை. பையனிடம் கத்தினால் சிரித்துக்கொண்டே வேகமாகப் போகிறான். முறத்தைப் போட்டுவிட்டு எழுவதற்குள் வாலைப் பிடித்துவிட்டான். வெள்ளையன் துள்ளி எழுந்து சுழன்று திரும்பினான். திறந்த வாய் பையனின் தோளுக்கு அருகில் வந்து அப்படியே நின்றது. யார் என்று கண்ணால் பார்த்த பிறகுதான் வாய் மூடியது. கடிக்கவில்லை, கீறல்கூட இல்லை. எனக்குக் கை நடுக்கம் நிற்க வெகுநேரம் ஆயிற்று.

கைக்குழந்தைக்காக எல்லோரும் தயார் செய்கிறோம். தவழும் குழந்தைக்கு இன்னொரு முறை தயார் செய்ய வேண்டும், அதைத்தான் சொல்ல வந்தேன். இப்போது அவன் படுக்கும் இடம் திண்ணை இல்லை, கம்பிக்கதவுக்கு அந்தப் பக்கம். எழுப்ப வேண்டுமானால் தூரத்தில் நின்று தரையைக் காலால் தட்டுவோம், அதிர்வு தெரிந்து கண்ணைத் திறப்பான். சிமெண்டுத் தரையில் சரியாக வராது. படுக்க ஒரு மரப்பலகை போட்டு, அதன் ஓரத்தைத் தட்டினால் உடனே விழிக்கிறான்.

காவிரிக்கரை:

எங்களுடையது நாட்டு நாய், மணி. என் மனதில் இருப்பது ஒரு போட்டோ.

பெயர் வைக்கும் நாளில் உறவுக்காரர் ஒருவர் குழந்தையைத் தூக்கி மணியின் முகத்துக்கு நேரே நீட்டி, “முத்தா குடுறா” என்றார். இன்னொருவர் போனில் எடுத்தார். குடும்பக் குழுவில் அதற்கு அத்தனை இதயம் போட்டார்கள். நான் பார்க்கும்போதெல்லாம் மணியின் கண்தான் தெரிகிறது. தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறான், கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரிகிறது, நாக்கு மூக்கை நக்குகிறது. “என்னை விடுங்கள்” என்று அத்தனை வழியிலும் சொல்லியிருக்கிறான். அடுத்த நொடி லேசாக உறுமினான். அதற்கு ஒரு அடி விழுந்தது. “கடிக்க வருது பார்” என்று ஆளாளுக்குப் பேசினார்கள். அந்த வாரமே மாமனார் அவனை வயல்பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

உறுமியதற்கு அடிக்காதீர்கள். எட்டு வருடம் எங்கள் வாசலில் கிடந்தவன். கடிக்காமல் சொல்லிப் பார்த்தான், அவ்வளவுதான் செய்தான். இப்போது பார்க்கப் போனால் ஓடி வருகிறான். குழந்தை வளர்ந்ததும் திரும்பக் கூட்டி வருவேன் என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன். யார் எதிர்த்தாலும் கூட்டி வருவேன்.

அண்ணாநகர் மாடிவீடு:

காவிரிக்கரை அக்கா, கட்டாயம் கூட்டி வாருங்கள். சிவகாசி அண்ணா, தொட்டில்மேல் கால் வைப்பது பற்றிச் சொன்னதை வீட்டில் படித்துக் காட்டினேன். குளிக்கும் நேரத்துக்கு ரோஸியை பால்கனியில் விடுகிறோம். தாய்மனசு உண்டு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பொள்ளாச்சி அம்மா:

பஞ்சாரம் என்று படித்ததும் அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இங்கே தோட்டத்தில் வீரா அதையேதான் செய்வான்.

இப்போது தினமும் வெறும் தூளியை ஆட்டிப் பழக்குகிறோம். அவன் கயிற்றில், என் கணவர் கையில். தூளியை விட்டுக் கண்ணை எடுத்து அவரைப் பார்த்தால் அவித்த முட்டையில் ஒரு துண்டு. இரண்டு தலையணையை உள்ளே போட்டு ஆட்டினாலும் அவரைத் திரும்பிப் பார்க்கிறான். பாப்பா உள்ளே இருக்கும்போது இதைச் செய்து பார்க்கும் எண்ணமே இல்லை. அவளுக்குத் தூளி வேண்டாம் என்று ஆகும்வரை உள்ளறைதான். கதவுக் கைப்பிடியைக் காலால் அழுத்தித் திறக்க வீராவுக்குத் தெரியும். அதனால் அவன் எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போட்டுவிட்டோம்.