கண்ணை மூடினால் கால் தள்ளாடுகிறதா? உங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்லுங்கள்

மானிப்பாய் பேத்தி:
அம்மம்மாவுக்கு 78 வயது. பகலில் தனியாகவே கோயிலுக்குப் போய் வருவா. ஆனால் கிணற்றடியில் முகத்துக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடினால் ஆட்டம் தொடங்கிவிடும். "தலைச்சுற்றா?" என்று கேட்டால், "இல்லைப் பிள்ளை, கால்தான் சொல்லுக் கேக்குதில்லை" என்பா.

பிசியோதெரபிஸ்ட் ஒருவர் அவவைப் பாதங்களைச் சேர்த்து நிற்க வைத்து, கண்ணை மூடச் சொன்னார். ரொம்பேர்க் என்ற ஜெர்மன் மருத்துவரின் பெயரில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கும் சோதனையாம். என்னை அவவின் காலைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கண்ணை மூடியதும் கெண்டைக்கால் இறுகியது, கூடவே முன்பக்கத் தசையும் இறுகியது.

அவர் விளக்கியது இதுதான். நிமிர்ந்து நிற்பதற்குக் கண், சமநிலையை உணரும் உட்காது, பாதத்திலும் மூட்டுகளிலும் இருந்து வரும் உணர்வு மூன்றும் வேண்டும். வயது போகப் போகப் பின்னிரண்டும் மந்தமாக, சுமை கண்ணின் மேல் விழுகிறது. இளம் ஆட்கள் சும்மா நிற்கும்போது வேலை பெரும்பாலும் கெண்டைக்காலுக்குத்தான். வயதானவர்களுக்கோ முன்னும் பின்னும் ஒரே நேரத்தில் இழுத்துப் பிடிக்கும். அது பாதுகாப்பு மாதிரித் தெரியும், ஆனால் கால் மரக்கட்டையாக விறைத்து நின்றால் சறுக்கும்போது சட்டென்று ஒரு எட்டு எடுத்து வைக்க முடியாது. தசையும் கெதியாகக் களைத்துவிடும்.

இப்போது கிணற்றடியில் ஒரு கதிரை போட்டிருக்கிறோம். அம்மம்மாவுக்கு அதில் பெரிய வெட்கம், அது வேறு கதை.

சுன்னாகத்து மருமகன்:
எங்கள் மாமிக்குக் கண்ணாடிதான் வில்லன். பைஃபோக்கல், மேலே தூரத்துக்கும் கீழே வாசிக்கிறதுக்கும் என்று இரண்டு வில்லை. படியிறங்கக் கீழே பார்த்தால் வாசிக்கிற வில்லை வழியாகத்தான் பார்வை போகும், படி விளிம்பு மங்கிவிடும். கண் டொக்டரிடம் கேட்டு, நடக்கிறதுக்கென்று தூரப்பார்வைக்கு மட்டும் ஒரு கண்ணாடி எடுத்தோம். கோயில் படியில் இப்ப என் கையைத் தேடுவதில்லை.

கொக்குவில் வாசி:
சீனி வருத்தம் உள்ளவர்கள் கூடுதல் கவனம். அப்பாவுக்குப் பாதம் மரத்துப்போய், நிலம் தெரிகிறதில்லை என்பார். கரண்ட் போனால் கண்ணும் இல்லை, காலும் இல்லை. விறாந்தையிலிருந்து கக்கூஸ் வரை பற்றரி லைட் வைத்திருக்கிறோம். பின்னேரங்களில் யன்னல் கம்பியைப் பிடித்தபடி குதிக்காலை உயர்த்தி இறக்குவார். கையை விட்டுச் செய்து காட்டுறேன் என்று வீரம் வேறு! அதனால் ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டியிருக்கிறது.