ஸ்போர்ட் செடானின் பின்சீட்டில் அம்மாவுக்கு இடுப்பு வலி: டயரை மாற்றவா, வண்டியையே மாற்றவா?

கோட்டாறுக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். செகண்ட்ஸில் ஒரு ஜெர்மன் செடான் வாங்கினேன், ஸ்போர்ட் வேரியன்ட். கம்பெனியைக் குறை சொல்ல வரவில்லை, அதனால் பெயர் வேண்டாம். 18 இன்ச் வீல், டயர் முன்னால் 225/45 (அகலம் 225 மில்லிமீட்டர், ரப்பர் உயரம் அதில் 45 சதவீதம்), பின்னால் 255/40, நான்குமே ரன் ஃப்ளாட், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடுகிற டயர். ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச் சாலையில் ஏறிவிட்டால் அந்தக் காற்றிலும் வண்டி அசையாது. எனக்கு அது உயிர். ஆனால் அம்மாவை மாதாமாதம் திருவனந்தபுரத்துக்கு டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். வில்லுக்குறி தாண்டி ஒட்டுப்போட்ட ரோடு வந்தாலே பின்சீட்டில் இடுப்பில் இடிக்கிறது என்கிறார். மார்த்தாண்டம் மேம்பாலத்தில் கைப்பிடியை விடுவதே இல்லை. கம்ஃபர்ட் பட்டனை அழுத்தினாலும் மாற்றம் இல்லை. விற்றுவிட்டு சொகுசு வண்டி எடுக்கட்டுமா?

தக்கலை அண்ணாச்சி:
வித்துரு மக்கா. பென்ஸ் இ கிளாஸ் 2017-லிருந்து இங்கே நீள வீல்பேஸில்தான் (முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம்) வருகிறது, பின்சீட்டுக்காரருக்காகவே செய்த வண்டி. ஓட்டுகிறவர் வண்டி என்று பெயர் வாங்கிய பிஎம்டபிள்யூவே 2021-இல் 3 சீரிஸை 110 மில்லிமீட்டர் நீட்டி இங்கே விற்க ஆரம்பித்தது. வீல்பேஸ் நீண்டால் பின்சீட்டு குதிப்பதும் குறையும்.

மார்த்தாண்டம் வீல்:
அண்ணாச்சி சொல்வது சரிதான், ஆனால் லட்சக்கணக்கில் செலவு. அதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும், அக்கா. அம்மாவுக்கு இடிக்கிறதா, ஆடுகிறதா? இரண்டும் வேறு. இடி பெரும்பாலும் டயரிலிருந்து வரும், ஆட்டம் ஸ்பிரிங், ஷாக்கிலிருந்து (ஷாக் அப்சார்பர், ஸ்பிரிங் குதிப்பதை அடக்குவது) வரும். ரொம்ப மெத்தென்ற வண்டி வளைவில் சாயும். நம்ம ஊர் வளைவுகளில் வயசானவர்களுக்கு அது தலைசுற்றல்.

காலையில் வண்டியை எடுக்கும் முன், டயர் சூடாவதற்கு முன் காற்றை அளந்து பாருங்கள். டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கர் இருக்கும். ஆள் குறைவாக இருந்தால் ஒரு அளவு, முழு பாரத்துக்கு ஒரு அளவு. டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 3418 என்றால் 2018-இன் 34-வது வாரம் செய்தது. பழைய ரப்பர் கட்டை மாதிரி ஆகிவிடும்.

கம்ஃபர்ட் பட்டன் எலெக்ட்ரானிக் ஷாக் உள்ள வண்டியில்தான் சஸ்பென்ஷனை மாற்றும். மற்றதில் ஆக்ஸிலரேட்டர், ஸ்டீயரிங், கியர் மட்டும்தான். வண்டியைத் தூக்கி, ஷாக்குக்கு ஒயர் போகிறதா பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணெய் கசிகிறதா என்றும் அப்போதே பாருங்கள்.

கோட்டாறுக்காரி:
பார்த்துவிட்டேன் தம்பி. ஸ்டிக்கரில் உள்ள முழு பார அளவைவிடவும் காற்று அதிகம். டயர் 2018. ஷாக்குக்கு ஒயர் இல்லை, கசிவும் இல்லை. அம்மாவைக் கேட்டேன், ஆட்டம் இல்லை, இடிதான் என்கிறார்.

மார்த்தாண்டம் வீல்:
அப்போ வண்டியை விற்க வேண்டாம். ரன் ஃப்ளாட் டயரின் பக்கம் தடிமன். காற்று போனாலும் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் 80 வேகத்துக்குள் ஓட்டத்தான் அப்படிச் செய்கிறார்கள். அந்தத் தடிமன்தான் பள்ளத்தை நேரே சீட்டுக்கு அனுப்புகிறது. உங்கள் மாடலுக்குக் கம்பெனியே 17 இன்ச் கொடுத்திருந்தால் நாலுக்கும் 225/50 போடுங்கள், சாதாரண டயர். முன்னால் ரப்பர் உயரம் 101 மில்லிமீட்டரிலிருந்து 112 ஆகும், மொத்த விட்டம் ஏறக்குறைய அதேதான். ரிம்மும் பொதுவாக எடை குறையும். வளைவில் ஸ்டீயரிங் கூர்மை கொஞ்சம் குறையும், அதை மறைக்க மாட்டேன். ஸ்பிரிங், ஷாக்கில் கை வைக்காதீர்கள், உங்களுக்குப் பிடித்த பிடிமானம் அங்கேதான் இருக்கிறது.

கோட்டாறுக்காரி:
டிக்கியில் ஸ்டெப்னிக்குக் குழி இல்லையே. களியக்காவிளையில் ராத்திரி பஞ்சர் ஆனால்?

மார்த்தாண்டம் வீல்:
மெல்லிய ஸ்டெப்னியை டிக்கி தரையில் பெல்ட் போட்டுக் கட்டலாம், ஜாக்கியும் வேண்டும். இடம் போகும், சக்கர நாற்காலி ஏற்றுவதானால் முதலில் அளந்து பாருங்கள். சின்ன ஆணிக்குக் காற்றடிக்கும் மெஷினும் பஞ்சர் கிட்டும் போதும்.

தக்கலை அண்ணாச்சி:
டயர் மாற்றியும் அம்மாவுக்குச் சரிவராவிட்டால் நீள வண்டி ஒன்றை டெஸ்ட் டிரைவ் கேளு மக்கா. ஷோரூம்காரரை ஓட்டச் சொல்லிவிட்டு நீ அம்மாவோடு பின்னால் உட்கார். நல்ல ரோட்டில் வேண்டாம், வில்லுக்குறி பக்கமே போகச் சொல்.

கோட்டாறுக்காரி:
முதலில் காற்றை இன்றைக்கே குறைக்கிறேன். 17 இன்ச் கம்பெனி ரிம் செகண்ட்ஸில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், விரிசலும் வெல்டிங்கும் இல்லாததாக.