மேம்பாலம் ஏறும்போது கார் வெட்டி வெட்டி இழுக்கிறது. பெட்ரோல் பம்ப் மாற்றச் சொல்கிறார்கள்

மர்பி டவுன் சமையல்:

வணக்கம். பெங்களூரு மர்பி டவுனில் இருக்கிறேன். வீட்டில் சமைத்து, கோரமங்களாவில் ஒரு அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறேன். கார் 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், மேனுவல் கியர். ஓட்டம் தொண்ணூறாயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது.

டொம்லூர் மேம்பாலத்தில் நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்ஸிலேட்டரை அழுத்தினால், ஒரு நொடி ஒன்றுமே நடப்பதில்லை. அப்புறம் டக் டக்கென்று வெட்டி வெட்டி இழுக்கிறது. பின்சீட்டில் இருக்கும் சாம்பார் தூக்கின் மூடியைத் துணி போட்டுக் கட்டியும் சிந்துகிறது. மூன்றாவது கியருக்கு இறக்கினால் சரியாகிவிடும். ஓசூர் போகும்போது எலக்ட்ரானிக் சிட்டி மேல்பாலத்தில் ஒரே வேகத்தில் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை. மழை பெய்த மறுநாள் காலையில் தொல்லை அதிகம். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் சீராக ஓடுகிறது. செக் என்ஜின் விளக்கு எரியவில்லை.

பட்டறையில் த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தார்கள், இன்ஜெக்டரைச் சுத்தம் செய்தார்கள், ஏர் ஃபில்டர் மாற்றினார்கள். பில் ஏறியதுதான் மிச்சம். இப்போது பெட்ரோல் பம்ப் மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதிலும் தீராவிட்டால் ஈசிஎம், அதாவது என்ஜின் கம்ப்யூட்டர், பார்க்க வேண்டுமாம். பம்புக்குச் சம்மதிக்கலாமா? எனக்குக் கார் ஓட்டத்தான் தெரியும். ஆனால் சொல்லிக்கொடுத்தால் செய்து பார்ப்பேன்.

ஜெயநகர் 4வது பிளாக்:

எல்லாம் இந்த இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் செய்கிற வேலை. என் பழைய காரிலும் பிக்கப் போய்விட்டது. விலை கூடின ப்ரீமியம் பெட்ரோல் ஒரு டேங்க் போட்டுப் பாருங்கள் மேடம்.

சிவாஜி நகர் பழைய பட்டறை:

அம்மா, பம்பை மாற்ற வேண்டாம். இதுவரை உங்கள் வண்டியை யாரும் சோதிக்கவில்லை. கழற்றிக் கழுவியிருக்கிறார்கள், அவ்வளவுதான். நானும் பட்டறை வைத்திருந்தவன். ஜே.சி. ரோட்டில் சாமான் வாங்கி மாட்டிப் பார்ப்பது சுலபம். எதனால் என்று கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும், அதற்குக் காசு கொடுக்க வாடிக்கையாளருக்கும் மனசு வராது. அதனால்தான் சுத்தம் செய்கிற பில் இவ்வளவு ஓடுகிறது.

நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. நாலாவது கியரில் உதறுகிறது, மூன்றாவதில் உதறவில்லை. பம்ப் பலவீனமாக இருந்தால் இது தலைகீழாக இருக்க வேண்டும். பம்புக்கு வேலை எப்போது அதிகம்? என்ஜின் வேகமாகச் சுற்றி, ஆக்ஸிலேட்டரும் முழுக்க அழுத்தியிருக்கும்போதுதான். ஒரு நிமிஷத்தில் அதிகப் பெட்ரோல் போவது அப்போதுதான். மூன்றாவது கியரில் 4,500 ஆர்பிஎம் வரை முழு அழுத்து அழுத்தியும் வண்டி தடையில்லாமல் இழுத்தால் பம்பும் ஃபில்டரும் குற்றவாளி இல்லை. காலி ரோட்டில், பக்கத்தில் யாராவது இருக்கும்போது இதைச் செய்து பாருங்கள்.

நாலாவது கியரில், 1,500 ஆர்பிஎம்மில், மேட்டில் காலை அழுத்தும்போது நடப்பது வேறு. காற்று நுழையும் கதவான த்ராட்டில் முழுக்கத் திறக்கிறது, சிலிண்டர் நிறையக் காற்று போகிறது, உள்ளே அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால், பெட்ரோலைப் பற்றவைக்கும் ப்ளக்கின் இடைவெளியில் பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைக் கொடுப்பது காயில். நல்ல காயிலும் நல்ல ப்ளக்கும் இருந்தால் தாண்டிவிடும். காயிலின் ரப்பர் குழல் வெடித்திருந்தால், மின்சாரம் சுலபமான வழியைத் தேடி வெளிப்பக்கம் இருக்கும் உலோகத்தில் இறங்கிவிடும். உள்ளே பொறி இல்லை, அந்த முறை எரியவில்லை, வண்டி வெட்டுகிறது. எங்கள் பாஷையில் மிஸ்ஸிங். சும்மா நிற்கும்போது அழுத்தம் குறைவு, அதனால் அதே கெட்ட காயில் நல்ல பிள்ளையாக வேலை செய்யும். மழைக்கு மறுநாள் அதிகம் என்றீர்களே, ஈரம் ஏறினால் மின்சாரம் கசிய இன்னும் வசதி. என் சந்தேகம் முழுக்கக் காயில், ப்ளக் பக்கம்தான்.

ஆனால் என் சந்தேகத்தை நம்பியும் எதையும் வாங்க வேண்டாம். ஈசிஎம்மில் இருப்பதைப் படிக்கும் ஓபிடி ப்ளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்குங்கள், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகி போனில் படிக்கலாம். பட்டறை பில்லோடு பார்த்தால் அதன் விலை ஒன்றுமே இல்லை. இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, பெண்டிங் கோடு, அதாவது விளக்கு எரியும் முன்பே ஈசிஎம் குறித்து வைத்த கோளாறு எண், ஏதாவது இருக்கிறதா. விளக்கு எரியாததால் கோளாறு பதிவாகவில்லை என்று அர்த்தமில்லை. மிஸ்ஸிங்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் அடுத்த ஓட்டத்திலும் அது திரும்ப வந்தால்தான் விளக்கு எரியும். இரண்டு, ஃப்யூல் ட்ரிம். வழக்கமான அளவைவிடப் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டியோ குறைத்தோ ஊற்றுகிறோம் என்று ஈசிஎம் சொல்லும் எண் அது. நிற்கும்போது 15, 20 என்று ஏறி, ஆர்பிஎம் கூட்டினால் இறங்குகிறது என்றால் எங்கோ காற்றுக் குழாய் லீக். நிற்கும்போது சரியாக இருந்து, பாரம் ஏறும்போது கூடிக்கொண்டே போனால் அப்போது பம்ப், ஃபில்டர், காற்று சென்சார் பக்கம் பார்க்கலாம். இரண்டு இடத்திலும் ஐந்துக்குள் நின்றால் பெட்ரோல் பக்கத்தை விட்டுவிடுங்கள். ஓட்டும்போது போனைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் உட்காருபவர் பார்க்கட்டும்.

ஜெயநகர் சார், இ20-ஐ 2023 பிப்ரவரியில் நம்ம பெங்களூரில்தான் தொடங்கி வைத்தார்கள். எத்தனாலில் சக்தி குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் அடிபடும் என்பது உண்மை. பழைய வண்டியில் ரப்பர் குழாய், சீல் பற்றிய கவலையும் நியாயம்தான். ஆனால் பெட்ரோல் நாலு சிலிண்டருக்கும் ஒன்றுதானே போகிறது? அதில் குறை இருந்தால் நாலும் சேர்ந்து சோர்ந்து போகும், ட்ரிம்மும் காட்டிக்கொடுத்துவிடும். மழைக்கு மறுநாள் மட்டும் பெட்ரோல் கெட்டுப்போகாது.

ஒயிட்ஃபீல்டு மதுரைக்காரன்:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். என் காரிலும் இதே மாதிரி டக் டக்தான். கடைசியில் என்ஜின் மவுண்டிங் போயிருந்தது. ரப்பர் கிழிந்து, காலை அழுத்தும்போதும் எடுக்கும்போதும் என்ஜினே ஆடியது. அதையும் பார்க்கச் சொல்லலாமா?

சிவாஜி நகர் பழைய பட்டறை:

பார்க்கலாம் தம்பி, நல்ல கேள்வி. மவுண்டிங் போனால் காலை அழுத்தும் நொடியில் ஒரு இடி, எடுக்கும் நொடியில் ஒரு இடி, நடுவில் வண்டி சீராக இழுக்கும். மிஸ்ஸிங் என்றால் அழுத்தி வைத்திருக்கும் வரை வெட்டிக்கொண்டே இருக்கும். கிளட்ச் என்றால் நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது நடுங்கும், ஓட்டத்தில் இப்படி வெட்டாது. அம்மா சொல்வது நடுவில் சொன்ன வகை, மிஸ்ஸிங்.

மர்பி டவுன் சமையல்:

ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். என் தங்கை மகன் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்தான். பழைய மெட்ராஸ் ரோட்டில் விடியற்காலையில் மூன்றாவது கியரில் முழுக்க அழுத்தினேன், வண்டி பறந்தது. ஃப்யூல் ட்ரிம் நிற்கும்போது 2, 3 என்று இருந்தது. பாலம் ஏறும்போது 4. உதறும் நேரத்தில் மட்டும் 8 வரை போய்த் திரும்பி வந்தது. பெண்டிங்கில் பி0302 என்று ஒன்று இருக்கிறது. பட்டறையில் இதை ஏன் பார்க்கவில்லை என்று கேட்டேன், "விளக்கு எரியலையே மேடம்" என்றார்கள்.

சிவாஜி நகர் பழைய பட்டறை:

பி0302 என்றால் இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஸிங். 0301 முதல் 0304 வரை கடைசி எண்தான் சிலிண்டர். 0300 வந்தால் ஒன்று என்று குறிப்பிட முடியாமல் அங்கும் இங்கும் தவறுகிறது என்று பொருள். உங்களுக்கு ஒரே இடம், வேலை சுலபம்.

உதறும்போது ட்ரிம் 8 போனதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். எரியாத சிலிண்டரிலிருந்து ஆக்ஸிஜன் அப்படியே சைலன்சர் பக்கம் போகும். அங்கே இருக்கும் சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்று தப்பாக நினைத்துக்கொள்ளும், ஈசிஎம் கூட ஊற்றும். இந்த எண்ணைக் காட்டித்தான் நிறையப் பேருக்குப் பம்ப் மாற்றியிருக்கிறார்கள்.

இனி காயிலை இடம் மாற்றிப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டியில் ஒவ்வொரு ப்ளக் மேலும் ஒரு காயில் உட்கார்ந்திருந்தால் இதை வீட்டிலேயே செய்யலாம். என்ஜின் நன்றாக ஆறட்டும், சாவியை எடுத்துவிடுங்கள். பெல்ட் ஓடும் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4 என்பது பொது வழக்கம். ஆனாலும் வண்டிப் புத்தகத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். ஒயர் கனெக்டரின் பூட்டை அழுத்தித்தான் கழற்ற வேண்டும், பழைய பிளாஸ்டிக் உடைந்தால் அது தனித் தலைவலி. ஒரு போல்ட்டைக் கழற்றி, காயிலைக் கொஞ்சம் திருகி மேலே இழுங்கள். இரண்டாவதில் இருந்ததை மூன்றாவதிலும், மூன்றாவதில் இருந்ததை இரண்டாவதிலும் போடுங்கள். ப்ளக்கைத் தொடாதீர்கள். ஸ்கேனரில் அந்தக் கோளாறு எண்ணை அழித்துவிட்டு அதே பாலத்தில் ஏறுங்கள். 0303 வந்தால் காயில் குற்றவாளி. 0302-வே திரும்ப வந்தால் காயில் நல்லது. அப்போது இரண்டாவது ப்ளக், அதுவும் இல்லையென்றால் இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று போக வேண்டும்.

என்ஜின் ஓடும்போதே காயில் ஒயரைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய வித்தையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஷாக்கும் அடிக்கும், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கும் போகும். காயிலை வெளியே எடுத்ததும் குழலின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். என்ன தெரிகிறது என்று எழுதுங்கள்.

மர்பி டவுன் சமையல்:

0303 வந்துவிட்டது! டொம்லூர் வரை போகக்கூட வேண்டியதில்லை, அல்சூர் ஏரி ஓரத்து மேட்டிலேயே உதறிக் காட்டிவிட்டது.

இரண்டாவதிலிருந்து எடுத்த காயிலின் நுனி உப்பிப்போய், தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. எண்ணெய் மாதிரி. ரப்பரில் நீளவாக்கில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று. மற்ற காயில்கள் காய்ந்து சுத்தமாக இருந்தன. டார்ச் அடித்துப் பார்த்தால் ப்ளக் இருக்கும் அந்தக் குழிக்குள் எண்ணெய் பளபளக்கிறது. புதுக் காயில் மட்டும் மாட்டினால் போதுமா?

சிவாஜி நகர் பழைய பட்டறை:

போதாது. அந்த வெள்ளைக் கோடுதான் மின்சாரம் இறங்கிய தடம். ஆனால் காயிலைக் கெடுத்தது எண்ணெய். என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவருக்கு அடியில் ப்ளக் குழியைச் சுற்றி ரப்பர் சீல் இருக்கும். பத்து வருஷச் சூட்டில் அது கெட்டித்து வெடித்திருக்கும், என்ஜின் ஆயில் மெல்ல இறங்கியிருக்கும். எண்ணெயில் ஊறிய குழல் ரப்பர் உப்பித் தளர்ந்துவிடும். காயிலை மட்டும் மாற்றினால் கொஞ்ச நாள் ஓடும், புதுசும் அதே எண்ணெயில் ஊறும்.

டேப்பட் கவர் பேக்கிங் செட் வாங்குங்கள். குழி சீல் சேர்ந்து வருகிறதா, தனியாக வாங்க வேண்டுமா என்று கடையில் மாடல் சொல்லிக் கேளுங்கள். சில வண்டிகளில் தனி. ப்ளக்கைக் கழற்றும் முன் குழியில் நிற்கும் எண்ணெயைத் துணியில் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நேராகச் சிலிண்டருக்குள் இறங்கும். இவ்வளவு ஓட்டத்துக்கு நாலு ப்ளக்கும் புதிதாகப் போட்டுவிடலாம். ப்ளக் தேய்ந்து இடைவெளி விரிந்தாலும் காயில்தான் சுமக்க வேண்டும். அலுமினிய ஹெட், கை பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். என்ஜின் ஆறிய பிறகு, டார்க் ரெஞ்சில் புத்தகத்தில் உள்ள அளவுக்கு முறுக்கச் சொல்லுங்கள். மற்ற மூன்று காயில்கள் நன்றாக இருந்தால் அப்படியே விடுங்கள். நாலும் மாற்றுங்கள் என்பார்கள், நான் மாற்ற மாட்டேன்.

வேலை முடியும் வரை மேட்டில் மூன்றாவது கியரில் ஏறுங்கள். செக் என்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெதுவாக வீட்டுக்கு வரலாம். விட்டு விட்டு மின்னினால் காலை எடுத்து ஓரம் கட்டுங்கள், கன்வெர்ட்டர் வெந்துவிடும். அதன் விலையில் பத்துக் காயில் வாங்கலாம்.

மர்பி டவுன் சமையல்:

பேக்கிங், சீல், ஒரு காயில், நாலு ப்ளக். நான் சொன்னதை மட்டும் செய்யுங்கள் என்று எழுதிக் கொடுத்து, பக்கத்திலேயே நின்றேன். பட்டறைக்காரர் முகம் அவ்வளவு நன்றாக இல்லை, ஆனால் வேலை சுத்தம். நேற்று நல்ல மழை. இன்று காலை முழுச் சாப்பாட்டுப் பாரத்தோடு நாலாவது கியரில் பாலம் ஏறினேன், உதறல் இல்லை. பெண்டிங் கோடும் இல்லை. ரொம்ப நன்றி ஐயா.

ஹெப்பால் டீசல்:

ஐயா, என் டீசல் காரிலும் ஹெப்பால் பாலத்தில் இப்படித்தான் திணறுகிறது. நானும் காயில் பார்க்கவா?

சிவாஜி நகர் பழைய பட்டறை:

டீசலில் ஏது தம்பி காயில்? அங்கே பொறியே இல்லை, அழுத்தத்தில்தான் எரிகிறது. டர்போவிலிருந்து, காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர் வழியாக வரும் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா, புகையில் கொஞ்சத்தை என்ஜினுக்கே திருப்பி அனுப்பும் ஈஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நிற்கிறதா, டீசல் ஃபில்டரில் தண்ணீர் நிற்கிறதா என்று பாருங்கள். காலை அழுத்தும்போது கறுப்புப் புகையும் உஸ் என்ற சத்தமும் வந்தால் குழாயில் ஆரம்பியுங்கள். மாடல், ஓட்டம், எந்த கியரில், புகை என்ன நிறம் என்று தனியாகக் கேள்வி போடுங்கள், அங்கே வருகிறேன்.