நிறுவும்போது கொட்டும் பைத்தான் வார்னிங்: அடைக்கறதா, திருத்தறதா?

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
நம்ம ட்யூஷன் சென்டர்ல 18 மெஷின். எல்லாத்துலயும் டெபியன்ங்கிற லினக்ஸ் டிஸ்ட்ரோதான் (இயங்குதளத் தொகுப்பு); அதை 12-லிருந்து 13-க்கு ஏத்தினேன். அதுகூட வர்ற நிரல்மொழி பைத்தான் 3.11 போய் 3.13 வந்துச்சு. பேக்கேஜ் இறங்க இறங்க, ‘சின்டாக்ஸ் வார்னிங், இன்வேலிட் எஸ்கேப் சீக்வென்ஸ்’னு திரை பூரா கொட்டுது. பிள்ளைக “மாஷே, சிஸ்டம் கேடாயிடுச்சா?”ங்குது. ஒரு கேடும் இல்லை, எல்லாம் ஓடுது. சாதா ஸ்ட்ரிங்குக்குள்ள (மேற்கோள் குறிக்குள்ள இருக்கிற எழுத்துத் தொடர்) யாரோ பைத்தானுக்குத் தெரியாத பேக்ஸ்லாஷ் டி (\d) எழுதி வச்சிருக்காங்க, அவ்வளவுதான். எழுதினவர் பார்க்க வேண்டியதை நிறுவறவன் தலையில ஏன் கொட்டணும்? வாளையாறு செக்போஸ்ட்டுல லாரிச் சரக்குக்கு பஸ் பயணிகிட்ட பில் கேட்ட மாதிரி இருக்கு. டிஸ்ட்ரோவே இதை அடைச்சுடணும்.

கோபாலபுரம் குறுக்குச்சாலை:
அடைச்சா யாருங்க மாஷே திருத்துவா? 2016-ல, 3.6-லயே இது எச்சரிக்கை ஆயிடுச்சு. கண்ணுல படாத வகையா இருந்ததால ஒருத்தரும் சீண்டலை. ஏழு வருஷம் பார்த்துட்டுத்தான் 2023-ல, 3.12-ல வெளியே தெரியற மாதிரி வச்சாங்க. ஒருநாள் இதைப் பிழையாவே ஆக்கப்போறோம்னும் எழுதி வச்சிருக்காங்க. அன்னைக்கு வார்னிங் வராது, மாட்யூலே ஏறாது.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
திருத்த வேண்டாம்னு நான் எங்கே சொன்னேன்? பேக்கேஜ் கட்டறவர் கண்ணுல படட்டும். ஃபெடோரா டிஸ்ட்ரோவுல கம்பைல் பண்ணின பைட்கோடையும் (பைத்தான் நேரா ஓட்டற வடிவம்) ஆர்பிஎம்லயே, அதாவது அவங்க பேக்கேஜ் ஃபைல்லயே, வச்சு அனுப்பறாங்க, அங்கே நிறுவறவனுக்கு இந்த இரைச்சல் இல்லை. டெபியன்ல அந்த வேலை நம்ம மெஷின்ல நடக்குது.

நகரி தறி:
இரண்டு பேரும் சண்டையை நிறுத்தாதீங்க, நல்லா இருக்கு :) சி நிரல்மொழியிலும் இதே கதைதான். அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிடறது சி99-லயே (1999-ஆம் வருஷ சி தரநிலை) தப்பு. ஜிசிசி கம்பைலர் 2024-ல, 14-ஆம் பதிப்புலதான் அதைப் பிழை ஆக்குச்சு. அதுவரைக்கும் வார்னிங்கோட ஓட்டினாங்க, அப்புறம் பழைய பேக்கேஜ் பலதும் பில்ட் ஆகாம நின்னுச்சு.

மாஷே, எங்கிட்ட ஒரு பையன் கிராஃப் லேபிள்ல கிரேக்க எழுத்து வரணும்னு பேக்ஸ்லாஷ் லாம்டா, பேக்ஸ்லாஷ் பீட்டா ரெண்டும் எழுதினான். லாம்டாவுக்கு வார்னிங் வந்துச்சு, எழுத்தும் சரியா விழுந்துச்சு. பீட்டாவுக்கு (beta) ஒரு சத்தமும் இல்லை, ஆனா லேபிள்ல ‘eta’ன்னு நிக்குது! பேக்ஸ்லாஷ் பி-ன்னா பைத்தானுக்கு பேக்ஸ்பேஸ். அந்த லாம்டா வார்னிங்கை அடைச்சிருந்தா பக்கத்து வரியை நான் திரும்பியே பார்த்திருக்க மாட்டேன்.

கோபாலபுரம் குறுக்குச்சாலை:
அதான் சொல்றேனுங்க! ஸ்க்ரிப்ட் போட்டு எல்லா ஸ்ட்ரிங்குக்கும் முன்னால ஆர் (r, பேக்ஸ்லாஷை சாதா எழுத்தாவே எடுத்துக்கச் சொல்ற குறி) சேர்த்துடலாம்னு வர்றவங்களும் இதைக் கேக்கணும். அதே ஸ்ட்ரிங்ல பேக்ஸ்லாஷ் என் (\n, புது வரி) இருந்தா, அச்சாகும்போது வரி உடையாம அந்த ரெண்டு எழுத்துமே அப்படியே வந்து விழும். அங்கே ஆர் போடாம, தப்பான பேக்ஸ்லாஷை மட்டும் இரட்டிக்கணும், ஆளு உக்காந்து பார்க்கணும்.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
உக்காரத்தான் ஆள் எங்கே? மூல ஆசிரியர் கைவிட்டுப்போன பேக்கேஜுக்கு டெபியன்காரர் பேட்ச் போட்டா, ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதை அவரே சுமக்கணும்.

நகரி தறி:
சுமக்கட்டும், ஒரு எழுத்துப் பேட்ச்தானே.

கொழிஞ்சாம்பாறை மாஷ்:
ஒண்ணுன்னா ஒரு எழுத்து. அம்பது பேக்கேஜுக்குப் பண்ணிப் பாருங்க, தெரியும். சரி, லாம்டா கதை என்னை உறுத்துது. என் லாக்ல கிராஃப் சம்பந்தப்பட்ட பேக்கேஜ் மூணு இருக்கு, ஞாயித்துக்கிழமை வரி வரியாப் பார்த்து பக் ரிப்போர்ட் போடறேன். ஆனா சென்டர் மெஷின்ல வார்னிங்கை அடைச்சேதான் வைப்பேன், அதுல மாத்தமில்லை.

கோபாலபுரம் குறுக்குச்சாலை:
ஒரு மெஷினையாவது திறந்து வைங்க மாஷே.