கால்குலேட்டர் சோலார் பேனல்: நிஜமா, ஒப்புக்கு ஒட்டியதா?

கல்லாப்பெட்டி:
மலிவு விலை கால்குலேட்டர்கள் சிலவற்றில் மேலே தெரிவது பேனலே இல்லை. கறுப்பு பிளாஸ்டிக் பட்டை, பின்னால் ஒரு ஒயர்கூட கிடையாது. நிஜப் பேனல் உள்ளதிலும் என்ன லாபம்? சாதாரண எல்சிடி கால்குலேட்டருக்கு 1.5 வோல்ட்டில் 5 மைக்ரோஆம்பியர் அளவு போதும். எல்ஆர்44 பட்டன் செல்லில் சுமார் 120 மில்லிஆம்பியர்-மணி, அதாவது 1,20,000 மைக்ரோஆம்பியர்-மணி, இருக்கிறது. வகுத்தால் 24,000 மணி நேரம். தினம் 3 மணி நேரம் ஓட்டினால் இருபது வருடம் தாண்டும், அதற்குள் செல்லே கெட்டுவிடும். பேனலுக்கு வேலை எங்கே?

மைக்ரோஆம்ப்:
போலி உண்டு, மறுக்கவில்லை. அதற்காக நிஜத்தையும் சேர்த்து ஒதுக்காதீங்க. 1980-லேயே சான்யோ கால்குலேட்டருக்கென்று அமார்ஃபஸ் (படிக ஒழுங்கில்லாத) சிலிக்கான் சோலார் செல்களை உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டது. கூரையில் மாட்டும் கிரிஸ்டலைன் வகையை இதில் வைத்தால் அறை வெளிச்சத்தில் வோல்டேஜ் சரிந்துவிடும். அமார்ஃபஸ் வகை டியூப் லைட், எல்இடி வெளிச்சத்துக்கே பொருந்தும். 25×10 மி.மீ. துண்டு ஒன்று 200 லக்ஸில், அதாவது சுமாரான அறை வெளிச்சத்தில், 1.5 வோல்ட்டில் 5 மைக்ரோஆம்பியர் தரும். நீங்க சொன்ன தேவையும் அதே 5 தான்!

சோதிக்கிற முறை: பின்மூடியைத் திறந்து பட்டன் செல்லைக் கழற்றுங்க. சார்ஜைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் சார்ஜ் தீர அரை நிமிடம் பேனலை மூடி வையுங்க. பிறகு டியூப் லைட்டுக்கு அடியில் ஏசி பட்டனை அழுத்துங்க. எண் வந்தால் பேனல் நிஜம். உற்றுப் பார்த்தால் கண்ணாடியில் மூன்று மெல்லிய கோடுகள் பேனலை நான்கு பட்டையாகப் பிரித்திருக்கும். நான்கும் தொடராக இணைந்தவை. அதனால் ஒரு பட்டையை மட்டும் விரலால் மறைத்தாலே எண் மங்கிவிடும். போலியில் கோடு அச்சடித்திருப்பார்கள், ஆனால் செல்லைக் கழற்றினால் உயிர் இருக்காது.

கல்லாப்பெட்டி:
செல்லைக் கழற்றிய பிறகு ஓடுவது சரி. செல் உள்ளே இருக்கும்போது? புது எல்ஆர்44 கிட்டத்தட்ட 1.55 வோல்ட். பேனல், கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடைத் தாண்டி அதைவிட அதிகம் கொடுத்தால்தான் சுமையை அது ஏற்கும். மங்கலான அறையில் செல்தான் முழுக்க உழைக்கிறது. பேனல் செல்லை சார்ஜ் செய்யும் என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். எல்ஆர்44 சார்ஜ் ஏறாத வகை, ஏற்றினால் ஒழுகும். அதைத் தடுக்கத்தான் அந்த டையோடே.

மைக்ரோஆம்ப்:
ஒழுகும் என்று நீங்களே சொல்லிவிட்டீங்க. அல்கலைன் பட்டன் செல் சார்ஜ் தீர்ந்த பிறகும் உள்ளே கிடந்தால் ஒழுகி, தொடுமுனை பச்சை பூத்து, போர்டுத் தடத்தையே அரித்துவிடும். செல்லே இல்லாமல் பேனலில் மட்டும் ஓடும் மாடலுக்கு அந்தச் சாவு கிடையாது. அதில் வெயிலும் பிரச்சினை இல்லை: நேர் வெயிலில் நான்கு பட்டையும் சேர்ந்து 3 வோல்ட்டுக்கு மேல் போகும், சிப்புக்கு அது ஆகாது. அதனால் பல போர்டுகளில் வெளியே தெரியாத சிவப்பு எல்இடி ஒன்றை பேனலுக்குக் குறுக்கே போட்டிருப்பார்கள். சுமார் 1.6 வோல்ட்டைத் தாண்டினால் அது உபரியைக் குடித்துவிடும். ஒப்புக்கு ஒட்டுகிறவன் இவ்வளவு மெனக்கெட மாட்டான்.

பேனாக்கத்தி:
எந்த கால்குலேட்டர் என்று பார்க்காமல் பேசினால் விவாதம் முடியாது. நான்கு செயல் போடும் கடை கால்குலேட்டருக்கு பேனல் தாராளம். கேசியோ எஃப்எக்ஸ்-991 வகை அறிவியல் கால்குலேட்டரில் தொகையீடு (இன்டெக்ரேஷன்) போட்டால் சிப் நீண்ட நேரம் வேகமாக ஓடும், இழுக்கும் கரன்ட் பல மடங்கு. பேனல் மட்டும் இருந்தால் எண் மங்கி ரீசெட் ஆகலாம். மெமரியும் இருட்டில் அழியும். அங்கே செல்தான் முதலாளி.

பேனல் ஒயர் விட்டுப்போனால் சாதாரண சால்டரிங் அயர்னை நேராக வைக்காதீர்கள். கண்ணாடியின் பின்னால் உள்ள உலோகப் பூச்சு உரிந்து வந்துவிடும், பேனல் போச்சு. வெள்ளி கலந்த கடத்தும் பசை வைத்து ஒட்டுங்கள்.

கல்லாப்பெட்டி:
அறிவியல் கால்குலேட்டருக்கு செல் வேண்டும் என்றாகிவிட்டதே. அப்புறம் பேனலுக்கு எதற்குக் கூடுதல் காசு?

மைக்ரோஆம்ப்:
பரீட்சை நடுவில் செல் செத்தால் சாதாரணக் கூட்டல், சைன், லாக் எல்லாம் ஹால் வெளிச்சத்திலேயே வரும். தொகையீடு ஒன்றுதான் சந்தேகம். கடையில் வாங்கும்போது பேனலை மூடிப் பார்த்து முடிவு செய்யாதீங்க, செல் இருக்கும்வரை நல்லதும் போலியும் ஒரே மாதிரிதான் நடக்கும். வீட்டுக்கு வந்ததும் செல்லைக் கழற்றிப் பாருங்க, பில்லை அதுவரை தூக்கிப் போடாதீங்க.

கல்லாப்பெட்டி:
செல் மாற்றத் தனி மூடி இருக்கிற மாடலை வாங்கி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புது செல் போட்டால் பரீட்சையிலும் சாகாது, ஒழுகவும் ஒழுகாது. செல் விலை பத்து, இருபது ரூபாய்.