ப்ரோகிராம் ஃபைல்ஸில் டேட்டாபேஸ்: ஒரே நிரல், ரெண்டு கணக்கு

கேள்வி: விண்டோஸ் 10, 32-பிட் பில்லிங் நிரல். அதன் டேட்டாபேஸான எஸ்க்யூலைட் ஃபைலும் ப்ரோகிராம் ஃபைல்ஸில் நிரலின் ஃபோல்டரிலேயே இருக்கு. அட்மினாகத் திறந்தால் ஒரு பில் பட்டியல், சாதாரணமாகத் திறந்தால் வேறு. ஏன்?

பதில்: அந்த ஃபோல்டரில் சாதாரண யூசர் எழுத முடியாது. மேனிஃபெஸ்ட் (எந்த அனுமதியில் ஓடணும்னு விண்டோஸுக்குச் சொல்லும் குறிப்பு) இல்லாத 32-பிட் நிரல் என்றால் விண்டோஸ் சத்தமில்லாமல் ஃபைலை அந்த யூசரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்கு நகலெடுத்து அதில் எழுதும். ஆப்டேட்டா > லோக்கல் > விர்ச்சுவல்ஸ்டோரில் பாருங்க, இன்னொரு டேட்டாபேஸ் கிடக்கும்.

பதில்: எப்போதும் அட்மினாக ஓட்டுவது ஒப்பேற்றல்தான். டேட்டாபேஸை ஆப்டேட்டாவின் லோக்கல் ஃபோல்டருக்கு மாத்துங்க. பக்கத்தில் உள்ள ரோமிங் ஃபோல்டரில் சின்ன செட்டிங்ஸ் மட்டும். ரோமிங் ப்ரொஃபைல் (யூசரின் செட்டிங்ஸ் சர்வரில் இருந்து எந்தக் கணினிக்கும் வரும் ஏற்பாடு) உள்ள ஆபீஸில் அது லாகின்தோறும் நெட்வொர்க்கில் நகலாகும்.

கேள்வி: ஒரே கணினியில் மூணு யூசர் பில் போடணுமே?

பதில்: அப்போ ப்ரோகிராம்டேட்டா, அது எல்லா யூசருக்கும் பொதுவான ஃபோல்டர். ஆனால் அங்கே இயல்பாக ஒருத்தர் உருவாக்கியதை மற்றவர் திருத்த முடியாது. இன்ஸ்டாலரே ஃபோல்டர் போட்டு யூசர்ஸ் குழுவுக்கு மாடிஃபை (திருத்தும்) அனுமதி தரணும். ஃபைலுக்கு மட்டும் கொடுத்தால் பத்தாது, எஸ்க்யூலைட் ஜர்னலை (எழுதும்போது வைக்கும் துணை ஃபைல்) பக்கத்திலேயே உருவாக்கும்.